முள் நடுவில் நிற்கிறது, சிவப்பு விளக்கு மினுங்குகிறது

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2001ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர் வண்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். மூன்று வாரமாகக் காலையில் புறப்பட்டு முதல் ரவுண்டானாவில் திரும்பும்போது வெப்பமானிக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. முள் வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு அசையவில்லை. நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஒரு பணிமனையில் கேட்டபோது வண்டியைப் பார்க்காமலேயே, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) மட்டத்தைக் காட்டும் சென்சார் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார்கள். இதை வீட்டிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?
– வாசகர், கிராய்டன், லண்டன்

பதில்: ஓட்டலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில் கூலன்ட் மட்டத்தைக் கண்ணால் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். மட்டம் குறைந்திருந்து, அதை நிரப்பிவிட்டால், முள்ளின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு அருகில் உள்ள இடங்களுக்குப் போய் வரலாம்.

உங்கள் வண்டியில் அந்த ஒரே சிவப்பு விளக்கு மூன்று வேறுவேறு செய்திகளைச் சொல்கிறது. விளக்கு மினுங்காமல் நிலையாக எரிந்து, முள்ளும் வலது ஓரத்துக்குச் சாய்ந்தால் கூலன்ட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். அப்போது பாதுகாப்பாக ஒதுங்கக் கிடைக்கும் முதல் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். வீடு ஒரு மைல்தானே என்று எண்ணக் கூடாது. விளக்கு மினுங்கினால் தொட்டியில் மட்டம் குறைந்திருக்கலாம், அல்லது இருக்கைகளுக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் எஞ்சின் அறையின் காற்று அதிகமாகச் சூடாகியிருக்கலாம். இந்த அறையிலிருந்து சூட்டை வெளியேற்றத் தனியாக ஒரு மின்விசிறி இருப்பது பலருக்குத் தெரியாது. காலையில், எஞ்சின் சூடேறும் முன்பே மினுங்குவதால் இந்த மூன்றாவது காரணத்தை உங்கள் விஷயத்தில் ஒதுக்கிவிடலாம்.

இனி, சென்சார் போயிருக்கும் என்ற தீர்ப்பைப் பார்ப்போம். இந்த வண்டிகளில் மட்டச் சென்சார் பழுதாவது உண்டுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அது மிதவையோடு கூடிய ஒரு சிறிய சுவிட்ச், அவ்வளவுதான். கெட்டுப்போன சுவிட்சுக்கு வளைவும் நேர்ச்சாலையும் ஒன்றே. காலையும் மாலையும் ஒன்றே. உங்கள் விளக்கோ வளைவில் மட்டும், அதுவும் கூலன்ட் குளிர்ந்து சுருங்கியிருக்கும் காலையில் மட்டும் மினுங்குகிறது. தொட்டியில் மட்டம் எச்சரிக்கைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது, திரும்பும்போது நீர்மம் ஒரு பக்கமாகச் சரிகிறது, மிதவை கணநேரம் கீழே இறங்குகிறது; வண்டி நேரானதும் மீண்டும் மேலே வருகிறது. சூடேறியபின் நீர்மம் விரிந்து மட்டம் உயர்ந்துவிடுவதால் பகலில் விளக்கு வருவதில்லை. அதாவது சென்சார் செம்மையாக வேலை செய்கிறது என்பதற்கே இது சான்று. இணைப்பில் ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் வளைவில் மினுங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தளர்ந்த கம்பி காலை நேரத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை.

முள் அசையவில்லை என்பதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். முள்ளுக்குச் செய்தி அனுப்புவது எஞ்சினில் இருக்கும் வேறொரு சென்சார். அதற்கு வெப்பம் மட்டும்தான் தெரியும், எவ்வளவு கூலன்ட் மிச்சம் இருக்கிறது என்பது தெரியாது. மட்டம் மிகவும் இறங்கி அந்தச் சென்சாரைச் சுற்றி நீர்மமே இல்லாமல் போனால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் பொய் சொல்லக்கூடும். தவிரவும், உங்கள் வண்டியின் முள் ஓர் அளவுகருவி என்பதைவிட அமைதிப்படுத்தும் கருவி என்பதே பொருத்தம். உண்மையான வெப்பநிலை பல டிகிரி ஏறி இறங்கினாலும் அது 80 என்ற எண்ணின் அருகிலேயே சாய்ந்து நிற்கும். ஓ.பி.டி. (OBD) என்ற, வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் துளையில் செருகும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக் கைப்பேசியில் கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகப் பார்ப்பது நல்ல பழக்கம். அந்தக் கருவியின் விலை ஒரு மட்டச் சென்சாரின் விலையைவிட அதிகமாக இருக்காது.

சோதனையை இரவு முழுவதும் நின்ற வண்டியில், சமதரையில், காலையில் செய்யுங்கள். பின் டிக்கியைத் திறந்தால் எண்ணெய் ஊற்றும் மஞ்சள் மூடியும் கூலன்டுக்கான நீல மூடியும் தெரியும். கூலன்ட் நிற்கும் விரிவுத் தொட்டியின் பக்கவாட்டில் குறைந்த மட்டம், உயர்ந்த மட்டம் என்று இரண்டு குறிகள் உண்டு. 20 ஆண்டில் பிளாஸ்டிக் பழுத்து மங்கியிருக்கும் என்பதால் பின்னாலிருந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மட்டம் கீழ்க்குறியிலோ அதற்குக் கீழேயோ நின்றால் கேள்வியின் பாதி முடிந்தது. மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே நீர்மம் ஒரு வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய மறுகணம் அது நீராவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

குறைந்த கூலன்ட் எங்கே போயிற்று என்பது மறுபாதி. தரையில் சொட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வண்டியில் அது எதையும் நிரூபிப்பதில்லை. டிக்கியின் தரைவிரிப்பை, தொட்டி இருக்கும் பக்கத்தில், அடிவரை தூக்கி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். இந்தத் தொட்டிகள் வயதாகும்போது மெல்லிய கீறல் விடுவது வழக்கம். எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் அந்தக் கீறல் வாய் திறந்து, கசிந்ததைத் தரைவிரிப்பு உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஒரு சொட்டும் வராது. ஈரமாகவோ இனிப்பான வாசனையோடோ இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

அடுத்து மூடி. அதன் பாக எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் படியுங்கள். தொடக்கத்தில் வந்தவை 00, 01 என்று முடிகின்றன. பிறகு பலமுறை திருத்தப்பட்டு 04 வரை வந்திருக்கிறது. பழைய மூடிகள் உரிய அழுத்தத்தைத் தாங்காமல் கூலன்டை வழிகுழாய் வழியாக வெளியேற்றிவிடும்; அது பெரும்பாலும் வலது பின்சக்கரத்தின் அருகே, ஓடும்போதே சொட்டிக் காய்ந்துபோகும். உங்களிடம் இருப்பது பழைய மூடி என்றால், மற்ற சோதனைகளின் முடிவு எதுவானாலும் அதை மாற்றிவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான பொருள் அதுதான்.

மூன்றாவதாக, கூலன்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப். அது எஞ்சினின் முன்முகத்தில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால், பெல்ட் ஓடும் பக்கத்தில் இருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள மறைப்பைக் கழற்றினால் பெல்ட்டும் கப்பிகளும் தெரியும். பம்பின் அடியில் வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் படிந்ததுபோல் பொருக்கு இருந்தால், அது சூட்டில் காய்ந்துபோன கூலன்ட். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கப்பியை இரு விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; சிறிது ஆடினாலும் பேரிங் தேய்ந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சாலைப் பம்பின் உட்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. பேரிங் தேய்ந்து அது உறையில் உரசி உடைந்தால், துண்டுகள் எஞ்சினுக்குள் கூலன்ட் ஓடும் பாதைகளில் போய்ச் சிக்கும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் வராது.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால் அழுத்தச் சோதனை ஒன்றுதான் வழி. சைக்கிள் பம்பு போன்ற கைப்பம்பும் ஓர் அளவுமுகமும் கொண்ட கருவி அது. உங்கள் தொட்டியின் வாய்க்குப் பொருந்தும் இணைப்பு உடன் இருக்கிறதா என்று மட்டும் வாங்குமுன் கேளுங்கள். எஞ்சின் ஆறிய நிலையில் ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்) அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணிநேரம் விட்டுவிடுங்கள். முள் இறங்காவிட்டால் குழாய், தொட்டி, ரேடியேட்டர் எல்லாம் சரி, மூடியைச் சந்தேகிக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சோதனையின்போது மூடி அங்கே இருப்பதில்லை. முள் இறங்கினால் கைவிளக்கோடு வண்டிக்கு அடியில் போய்விடுங்கள். இந்த வண்டியில் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும், எஞ்சின் நடுவிலும் இருப்பதால் கூலன்ட் வண்டியின் நீளம் முழுவதும் அடிக்குழாய்களில் போய் வருகிறது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஈரம் தெரிந்தால் பின்னால் தேடிப் பயனில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், தாங்குகால்கள் வைத்த பிறகே படுங்கள்.

நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இதே அறிகுறியோடு வந்த நண்பர் ஒருவரின் வண்டியில் நானே சென்சாரை மாற்றினேன். வேலையின் நடுவே தொட்டியையும் நிரப்பிவிட்டதால் விளக்கு அணைந்தது; சென்சார்தான் குற்றவாளி என்று இருவரும் முடிவு கட்டினோம். ஆறு வாரம் கழித்து விளக்கு மீண்டும் வந்தது. தொட்டியின் பின்புறத்தில், கை நுழையாத இடத்தில் இருந்த கீறலை அப்போதுதான் பார்த்தேன். நிரப்பியதும் விளக்கு அணைவது சென்சார் மாற்றத்தின் பலன்போலத் தோன்றும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். எனவே எதையும் மாற்றும் முன், தொட்டியின் பக்கத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை காலையில் மட்டத்தைக் குறித்துவையுங்கள். மட்டம் மாதக்கணக்கில் அசையாமல் நின்று, அப்போதும் விளக்கு மினுங்கினால் சென்சாரை மாற்றலாம், அதுவரை வேண்டாம்.

கேள்வி: கூலன்டில் பாதியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பலாமா? நானே நிரப்பினால் காற்று அடைத்துக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– அதே வாசகர்

பதில்: வழியில் நிற்கிறீர்கள், வேறு வழியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் சரி. வீட்டில் என்றால் காய்ச்சி வடித்த நீர்தான். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. உங்கள் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். ஏற்கெனவே இருக்கும் இளஞ்சிவப்பு வகைக்குப் பொருந்தும் கூலன்டையே வாங்கி, நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்; அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரிவரை உறையாது. பச்சை, நீல நிறப் பழைய வகைகளோடு கலக்காதீர்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள், இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

காற்று அடைப்பு பற்றிய பயம் ஓரளவு நியாயமானது. அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைந்ததை நிரப்புவதால் ஒன்றும் ஆகாது. பம்பையோ தொட்டியையோ மாற்றுவதற்காக எல்லாவற்றையும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்பும்போதுதான் நீண்ட அடிக்குழாய்களில் காற்று தங்கிவிடுகிறது. மூடிக்கு அருகில் ஒரு சிறிய கம்பி வளையம் மடங்கிக் கிடக்கும். அதை நிமிர்த்தினால் காற்றுப்போக்கி வால்வு திறக்கும். அதைத் திறந்த நிலையில் வைத்து, ஹீட்டரை உச்சத்துக்குத் திருப்பி, எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓடவிட்டு, ஆறியபின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி நிரப்பும் கருவி கிடைத்தால் ஒரே முறையில் முடியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் காற்று மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: என்னுடையதும் பாக்ஸ்டர்தான், 1999ஆம் ஆண்டு வண்டி. நெடுஞ்சாலையில் வெப்பம் சரியாக இருக்கிறது. நகர நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் ஏறத் தொடங்குகிறது. கூலன்ட் மட்டம் சரி, கசிவு இல்லை.
– வாசகர், பர்மிங்காம்

பதில்: ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் நுழைகிறது, நிற்கும்போது விசிறிதான் இழுக்க வேண்டும். ஆகவே விசிறி, அடைப்பு இரண்டையும் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். இரு பக்கத்து விசிறிகளும் மெதுவான வேகத்தில் சுழல வேண்டும். ஒன்று சுழன்று மற்றொன்று நின்றால், நின்ற பக்கத்தின் மோட்டாரைவிட முதலில் அதன் மின்தடையைச் சந்தேகியுங்கள். மெதுவான வேகத்துக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது அதுதான். அது அறுந்துவிட்டால் அந்த விசிறி மெதுவாகச் சுழல மறுத்து, மிகச் சூடான பிறகே முழு வேகத்தில் அலறிக்கொண்டு எழும். மோட்டாருக்கு நேரடியாகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்து அது சுழன்றால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

அடைப்பைப் பொறுத்தவரை, முன் பம்பரின் இரு வாய்களும் இலைகளை உறிஞ்சும் குப்பைத்தொட்டிகள். வெளியே தெரியும் இலைகளை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முன்னால் நிற்பது ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மக்கிய இலை எருவாகக் கிடக்கும். பம்பரைக் கழற்றி, இரண்டையும் சற்றே விலக்கினால்தான் அது கைக்கு எட்டும். ஒரு மாலை வேலை. அந்த ஈரக் குப்பை அலுமினியத்தை அரித்து ஓட்டை போடுவதற்கு முன் செய்துவிட்டால் இரண்டு ரேடியேட்டர்களின் விலை மிச்சம்.

கேள்வி: எண்ணெய் மூடியைத் திறந்தபோது உட்புறம் மயோனைஸ் போன்ற வெண்மஞ்சள் படலம். எஞ்சின் போய்விட்டதா? 2003 பாக்ஸ்டர் எஸ்.
– வாசகர், ஹாரோ

பதில்: மூடியில் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியின் எண்ணெய் ஊற்றும் குழாய் நீளமானது, அதன் மேல்முனை குளிர்ந்தே இருக்கும். குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடினால் ஈரம் அங்கே நீர்த்துளியாகப் படிந்து எண்ணெயோடு கலந்து இப்படி ஆகும். ஒரு மணிநேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு, துடைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கூலன்ட் தொட்டிக்குள் பால்விட்ட காபி நிறத்தில் குழம்பு மிதந்தால் அது வேறு கதை. எஞ்சினை மறுபடி கிளப்பாதீர்கள். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் எண்ணெய் கூலன்டுக்குள் புகுகிறது. நிறுத்தியபின் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட, கூலன்ட் எதிர்த்திசையில் எண்ணெய்க்குள் புகலாம், பேரிங்குகளைக் கொல்வது அதுதான். காரணங்களில் மலிவானது எஞ்சின் மேல் அமர்ந்திருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான், மற்றவை சிலிண்டர் ஹெட்டில் விரிசல், சிலிண்டர் சுவரில் உடைவு. தொட்டியின் வாயில் வைத்து சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலப்பதைக் காட்டும் நீலத் திரவச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். திரவம் மஞ்சளாக மாறினால் விரிசலோ உடைவோ இருக்கிறது. நீலமாகவே நின்றால் குளிர்விப்பானைக் கழற்றிச் சோதிப்பதில் தொடங்கலாம்.

கேள்வி: 1994 மாஸ்டா எம்.எக்ஸ்.5 வைத்திருக்கிறேன். பாக்ஸ்டர்காரர்களுக்கு மட்டும்தான் பதிலா? என் வண்டியும் நெரிசலில் சூடாகிறது.
– வாசகர், லெஸ்டர்

பதில்: உங்கள் வண்டி இன்னும் எளிது. எஞ்சின் அறையில் உள்ள சோதனைப் பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு துளைக்கும் பெயர் எழுதியிருக்கும். சாவியை எஞ்சின் ஓடாத 'ஆன்' நிலையில் வைத்து, டி.எஃப்.ஏ. (TFA) என்ற துளையையும் ஜி.என்.டி. (GND) என்ற துளையையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். விசிறி சுழன்றால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் சரி. பிழை, கூலன்ட் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் உறையில் இருக்கும் வெப்பச் சுவிட்சில். சுழலாவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி எந்த நிறத்தில் இருக்கிறது? கறுப்பாக இருந்தால் நல்லது. பழுப்போ மங்கிய பச்சையோ ஆகியிருந்தால் அது வயதாகி நொறுங்கத் தயாராக நிற்கிறது, கசிவுக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். எண்ணெய் மாற்றும்போது கழற்றிப் பிறகு மாட்ட மறந்துவிடுவது பணிமனைகளின் வழக்கம். காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பிவிடுவது அந்தத் தட்டுதான். அது இல்லாத வண்டிகள் வெயில் நாளில் சூடாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.